இடுப்பில் உட்காராத பட்டி

"இழுத்து ஒட்டாதேன்னு தலப்பாடா அடிச்சிகினேன், கேட்டியா நீ? வில்லு மாதிரி இழுத்து வச்சிக்கிற—"

"யாரு இழுத்தா? மொதல்ல இது எந்தப் பக்கம்னு பாருங்க, அப்பறம்—"

"பக்கமாம் பக்கம்! ஒரு ஈ புள்ளகுட்டியோட உள்ள பூந்து குடித்தனம் பண்ணலாம், அவ்ளோ சந்து—"

"பண்ணட்டும், வாடகை வாங்கிக்குங்க! நான் ஒட்டுனது அந்தப் பக்கங்க, இது உங்க—"

"என் பக்கமா? ஏய் அஃப்ஸரு, வெரல் வச்சிப் பார்க்காம நான் எதையாச்சும் வுட்டிருக்கேனா? சொல்லு!"

கவுஸ் பாஷாவின் வீட்டில் பேச்சுக்கு உருது, சண்டைக்குத் தமிழ். அஃப்ஸர் ஜஹான் நெமிலிப் பக்கத்துக்காரி. உருது அவளுக்குக் கல்யாணத்தோடு சேர்ந்து வந்த பாஷை. கொஞ்சுவதற்குப் போதும், சண்டைக்குப் போதாது. எதிராளி ஆயுதமில்லாமல் நிற்கிறாளே என்று முதல் வருஷமே அவரும் தமிழுக்கு இறங்கி வந்துவிட்டார். அதனால் ஆம்பூரில் ரயில் லைனை ஒட்டிய அந்தச் சந்தில், அவர்கள் சண்டை மட்டும் எல்லாருக்கும் புரிந்தது.

அன்றைக்குச் சண்டை ஒரு கிட்டாரின் இடுப்பைப் பற்றி.

முன்னறையில் ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டு, மேசைமேல் போர்வை விரித்து, அதன்மேல் கிட்டாரை மல்லாத்திப் போட்டிருந்தார்கள். காட்பாடி சவுரியம்மாளின் கிட்டார். அவருடைய அண்ணன் வாசித்தது, அறுபது வயசுக்குக் குறையாது. பலகை நன்றாகத்தான் இருந்தது. விளிம்பைச் சுற்றிப் பதித்திருந்த பழைய பட்டிதான் மஞ்சளாகி, சுருங்கி, தொட்டால் அப்பளம்போல் நொறுங்கியது. அதையெல்லாம் சுரண்டி எடுத்து, பட்டி உட்காரும் காடியைச் சுத்தம் பண்ணி, பெங்களூரிலிருந்து வரவழைத்த புது வெள்ளைப் பட்டியை நேற்று ஒட்டியிருந்தார்கள். ஒரு பாதி இவர், மறுபாதி அவள். பிடிமானத்துக்கு விரற்கடைக்கு ஒன்றாக டேப் போட்டு, ராத்திரி முழுக்கக் காயவிட்டு, காலையில் டேப்பை உரித்துக்கொண்டே வந்தால், உடம்பு உள்வாங்கி வளையும் இடத்தில் பட்டி காடிக்குள் உட்காராமல் எட்டி நின்றது.

அவர் அவளைக் குற்றம் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அஃப்ஸர் பத்தொன்பது வருஷம் ஷூ கம்பெனியில் பைண்டிங் ஒட்டியவள். ஷூவின் வாய் விளிம்பில் மெல்லிய தோல்பட்டியை மடித்து ஒட்டும் வேலை. அங்கே வளைவு வந்தால் இழுக்க வேண்டும். இழுக்காவிட்டால் சுருக்கம் விழும். சுருக்கம் விழுந்த ஜோடியை சூப்பர்வைசர் மேசைமேல் வீசிவிட்டுப் போவான். கிட்டாரில் அப்படியே தலைகீழ். இடுப்பில் பட்டியை இழுத்தால் அது குறுக்குவழி பார்த்துக்கொண்டு போய்விடும். தாராளமாக விட்டு, உள்ளே தள்ளி, தள்ளிய இடத்திலேயே டேப் போட வேண்டும். முதல் ஆறேழு கிட்டாரில் அவள் கை பழைய புத்தியைக் காட்டத்தான் செய்தது.

"ஷூ நெனப்பு," என்றார் கவுஸ் பாஷா. "கழுத புத்தி கழுதைக்கி."

"ஆமா, கழுதையக் கட்டினவரு எந்த ஜாதிக் குதிரையோ."

சொல்லிக்கொண்டே அவள் உரித்துப்போட்ட டேப் துண்டுகளைக் கையில் எடுத்தாள். எடுத்தவள் பேச்சை நிறுத்தினாள்.

கம்பெனிக்காரியான அவள் டேப்பைக் கத்தரியால்தான் வெட்டுவாள். வெட்டின முனை நேராக இருக்கும். இடுப்பிலிருந்து உரித்த துண்டுகளின் முனையெல்லாம் கோணல் மாணலாக, பல்லால் கடித்துக் கிழித்ததாக இருந்தன. பல்லால் கிழிப்பது அவர்.

ஜெயித்துவிட்ட சந்தோஷத்தோடுதான் நிமிர்ந்தாள். "இதப் பாருங்க. இது யாரு பல்லு? நேத்து ஒட்டினப்ப வெரல் வச்சிப் பார்த்தீங்களா இல்லியா?"

"பார்க்காம? என் பக்கம் பூரா வழவழன்னு இருந்துச்சி. இதோ பாரு."

அவருக்கு ஒரு பழக்கம். மற்ற விரல்களெல்லாம் பசையில் தோய்ந்து காய்த்துப் போனவை. இடது கை சுண்டுவிரலை மட்டும் எதிலும் படாமல் தூக்கியே வைத்திருப்பார். பட்டி சரியாக உட்கார்ந்ததா, பலகைக்கும் பட்டிக்கும் நடுவில் மயிரிழை மேடு இருக்கிறதா என்று பார்ப்பது அந்த விரல்தான். 'கண்ணு பொய் சொல்லும், சுண்டுவெரல் சொல்லாது' என்பார். காட்பாடி காலேஜ் பிள்ளைகளிடம் பெருமையாக நீட்டிக் காட்டுவார்.

அந்த விரலை இப்போது விளிம்பில் வைத்து, முகத்தை அவள் பக்கம் திருப்பிக்கொண்டு, ஓட்டினார். "இங்கேர்ந்து பாரு. தோள்பட்ட. வழவழ. இப்டியே எறங்கு. வழவழ. இடுப்பு—"

விரல் இடுப்புக்கு வந்தது. எட்டி நின்ற பட்டியின் மேல் ஏறி, சந்தைத் தாண்டி, மறுபக்கம் இறங்கிப் போய்க்கொண்டே இருந்தது. எங்கும் நிற்கவில்லை.

"—இடுப்பும் வழவழ. தெரிதா? என் பக்கம்னா அப்டித்தான் இருக்கும். சந்து வுட்டது உன் பக்கம்."

இந்தப் பக்கத்தில்தான் சந்து. வேறு எந்தப் பக்கத்திலும் இல்லை. அவர் விரல் அதன்மேல் போய் வந்ததை அவள் கண்ணால் பார்த்தாள்.

டேப் துண்டுகளை முந்தானைக்குள் சுருட்டினாள்.

"ஆமாங்க," என்றாள். "நான்தான். நீங்க டீ குடிக்கப் போனப்ப இந்தப் பக்கமும் கொஞ்சம் நான் போட்டேன். ஷூ நெனப்புல இழுத்துட்டேன்."

"பாத்தியா! பாத்தியா! மொதல்லியே ஒத்துகினு இருந்தா அர மணி நேரம் மிச்சம்."

ஜெயித்தவர் சந்தோஷமாக, பட்டி வளைக்கிற ஹீட்டருக்குப் பிளக்கைப் போட்டார்.

*

புரட்டாசி பிறந்தும் மழை இல்லை. வானம் மூடிக்கொண்டு, காற்றை மட்டும் அமுக்கி வைத்திருந்தது. ஆற்றோரத்தில் தோல் பதனிடும் ஷாப்புகளின் வாடை தெருவைவிட்டு நகராமல் நின்றது. கவுஸ் பாஷா அந்த ஷாப் ஒன்றில் தோலுக்கு ஸ்ப்ரே அடித்துக்கொண்டிருந்தவர்தான். சர்ச் பாடகர் குழு ஒன்று கிட்டாருக்கு ஸ்ப்ரே அடிக்கக் கொண்டுவந்து கொடுத்தது, பெயின்ட் உரிந்த இடத்தில் பட்டியும் உரிந்திருந்தது, அதையும் பார்த்துக்கொடுத்தார். இப்படித்தான் ஆரம்பம். இப்போது வேலூரிலிருந்தும் காட்பாடியிலிருந்தும் பாட்டுக்காரர்கள் பஸ் பிடித்து இந்தச் சந்துக்கு வந்தார்கள்.

எட்டி நின்ற பட்டியை இளக்கி எடுத்து, இடுப்புக்குத் தகுந்தபடி வேறு துண்டை வளைக்க வேண்டும். அதற்கு ஓர் இரும்புக் குழாய் வைத்திருந்தார், உள்ளே ஹீட்டர் சுருள். பட்டியை நேராகக் குழாயில் வைத்தால் உருகிவிடும். அரை விரல் தள்ளிக் காட்டி, சூட்டில் இளகும்போது பதமாக வளைக்க வேண்டும்.

"அந்த முனைய நீ புடி. நான் சொல்றப்ப வளை. இழுக்காத."

"இழுக்கல."

"இழுக்காதன்றேன்."

"இழுக்கலன்றேன்."

"இப்ப எளகுது பாரு. வெண்ண மாதிரி. ஆங், அப்டியே... அப்டியே..." அவர் கண் பட்டியின் மேலேயே இருந்தது. சட்டென்று மூக்கை உறிஞ்சினார். "இன்னாவோ தீயுதே? டப்பா! அந்த டப்பாவப் பாரு!"

பழைய பட்டியின் நொறுக்கல்களை ஒரு தகர டப்பாவில் போட்டு வைத்திருந்தார்கள். அந்தக் காலத்துச் சரக்கு; ஒரு பொறி பட்டால் கற்பூரம்போல் பற்றிக்கொள்ளும். அஃப்ஸர் முனையை விட்டுவிட்டு ஓடினாள். டப்பா ஜன்னலில் இருந்த இடத்திலேயே இருந்தது. தொட்டுப் பார்த்தாள். சமையல் கட்டுக்கு ஓடினாள்; அடுப்பு அணைந்திருந்தது.

"டப்பா சில்லுனு இருக்குதுங்க. அடுப்பும் இல்ல."

"அப்ப பட்டிதான் உருகுது. பிளாஸ்டிக் தீயற வாட."

திரும்பி வந்து முகர்ந்தாள். கம்பெனியில் சரக்கு வந்ததும், அசல் தோலா ரெக்சினா என்று சந்தேகம் வந்தால் ஓரத்தில் ஒரு நூலிழை உருவிக் கொளுத்திப் பார்ப்பார்கள். ரெக்சின் என்றால் பிளாஸ்டிக் வாடை. தோல் என்றால் மயிர் கருகும் வாடை. பத்தொன்பது வருஷத்தில் அவள் மூக்கு ஒரு தடவைகூடத் தப்பாகச் சொன்னதில்லை.

"பிளாஸ்டிக் இல்ல," என்றாள். "தோலு."

"தோலா? இங்க ஏது தோலு?"

கேட்டுவிட்டு அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். மேசைக்கு அடியில் குனிந்துகூடப் பார்த்தார். அதற்குள் அவள் பார்த்துவிட்டாள். பட்டியைப் பிடித்திருந்த இடது கையின் சுண்டுவிரல், எதிலும் படாமல் தூக்கி வைக்கிற அந்த விரல், குழாயின் மேல் சாய்ந்து படுத்திருந்தது. மெல்லிசாக ஒரு புகை அதன் அடியிலிருந்து வந்தது.

கூப்பிடத் தோன்றவில்லை. அவர் மணிக்கட்டை ஓங்கி அடித்தாள்.

"ஸ்ஸ்! இன்னாடி அடிக்கிற!" அடித்த இடத்தைத் தடவிக்கொண்டார். மணிக்கட்டைத்தான். பிறகுதான் விரலைப் பார்த்தார். பக்கவாட்டில் வெந்து, வெள்ளையாகி, நடுவில் கருத்திருந்தது.

இரண்டு பேரும் அந்த விரலைக் கொஞ்ச நேரம் பார்த்தார்கள்.

"தண்ணி கொண்டா," என்றார். அப்புறம் சிரித்தார். "எத்தினி வருசம் ஸ்ப்ரே அடிச்ச கையி. க்ரோம் தோலா மாறிப் போச்சி. ஏற்றுமதிக்கே அனுப்பலாம்."

அவளும் சிரித்தாள். சிரிக்காவிட்டால் கேட்க வேண்டியிருக்கும். "வலிக்கலியா?" என்ற கேள்வி தொண்டைவரை வந்து, கேட்டால் பதில் வந்துவிடுமே என்று திரும்பிப் போயிற்று.

*

லுஹர் தொழுகைக்குமுன் கைகால் கழுவி உளூ செய்ய அவர் தண்ணீர்க் குழாயடியில் உட்கார்ந்து சட்டைக் கையைச் சுருட்டினார். அஃப்ஸர் கதவுக்குப் பின்னால் நின்றாள். இடது முழங்கைக்குக் கீழே, ரூபாய் நாணயம் அளவில் ஒரு வெளுப்பு. போன ரமலானிலேயே பார்த்ததுதான். தேமல் என்று இரண்டு பேரும் பேசி முடித்து, களிம்பு வாங்கித் தடவினார்கள். இப்போது அது உள்ளங்கை அகலம் இருந்தது. அவர் கையில் வழிந்த தண்ணீர் அதன்மேல் ஓடியபோது, சுற்றிலும் இருந்த மயிரெல்லாம் படிந்தது. அந்த இடத்தில் படிவதற்கு மயிரே இல்லை.

வள்ளியம்மாளுக்கும் அப்படித்தான் இருந்தது.

கம்பெனியில் அடுத்த மெஷினில் தைத்தவள் வள்ளியம்மாள். ஒருநாள் வெள்ளை லைனிங்கில் சிவப்பாக வரிசை கட்டிப் பொட்டு விழுந்திருந்தது. சூப்பர்வைசர் கத்தினான், "யாரு சாயம் ஊத்துனது?" அது சாயமில்லை. ஊசி வள்ளியம்மாளின் விரலில் ஏறி இறங்கியிருந்தது. அவள் அதற்கப்புறம் ஒன்றரை ஜோடி தைத்து முடித்திருந்தாள். ஒரு வாரத்தில் அந்தப் பேர் லைன் முழுக்கச் சுற்றி வந்துவிட்டது. குஷ்டம். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. மாத்திரை சாப்பிட்டால் ஒட்டாது, சரியாகிவிடும் என்று ஆஸ்பத்திரியில் சீட்டுக் கொடுத்தார்கள், சரியாகியும் வந்தாள். ஆனால் அவள் மெஷினுக்குப் பக்கத்தில் இருந்த தண்ணீர்க் குடம் அங்கே இல்லை.

"உன் டிபன் பாக்ஸ் எங்கடி அஃப்ஸரு? எப்பவும் என் பக்கத்துல வைப்ப?" என்று கேட்டாள் வள்ளியம்மாள்.

"அவசரத்துல அங்க வச்சிட்டேன்கா."

"தெனமுமா அவசரம்?"

தீபாவளி போனஸ் வாங்கியதும் வள்ளியம்மாள் நின்றுவிட்டாள்.

தொழுதுவிட்டு வந்து அவர் சாப்பிட உட்கார்ந்தார். சோறும் தால்ச்சாவும். வலது கையால் பிசைந்தார். இடது கை தரையில் ஊன்றியிருந்தது, கொப்புளம் எழும்பிய விரல் சிமென்ட்டில் அழுந்தியபடி. ஊன்றிய கையை மாற்றவே இல்லை.

"இன்னா, கத்திரிக்கா கம்மியா போட்ட?"

"இன்னும் இருக்குது. போடட்டா?"

"போடு. சானியா போன் பண்ணாளா?" என்று மகளைப் பற்றிக் கேட்டார்.

"காலையில. வர்ற மாசம் ரெண்டாந்தேதி ட்ரெயினு. ஏழாம் மாசம், உக்கார முடியலியாம்."

"புள்ளைக்கி ஏணை கட்ட கொக்கி அடிக்கணும். மறந்துட்டேன் பாரு. பொறந்த உடனே நான்தான் தூக்குவேன், சொல்லிட்டேன். போன தடவ மாதிரி உங்க நெமிலிக்காரங்க வந்து புடுங்கிகினு போகக் கூடாது."

சாப்பிட்டு எழுந்தார். அவள் தட்டையும் தம்ளரையும் எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள். கழுவிக் கவிழ்த்துவிட்டு நிமிர்ந்தால், மற்ற தம்ளர்களெல்லாம் அலமாரியில் இருந்தன. அவருடையது மட்டும் தனியாக ஜன்னல் மேல் இருந்தது. யார் வைத்தது? அவள்தான் வைத்திருந்தாள். எப்போது வைத்தோம் என்று தெரியவில்லை. கை தானாகவே வைத்துவிட்டிருந்தது.

அல்லா, என்று அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவர் கையைப் பார்த்துப் பயந்ததைவிடத் தன் கையைப் பார்த்து இன்னும் பயந்தாள். எழுந்து, அந்தத் தம்ளரை எடுத்து, பானைத் தண்ணீர் மொண்டு, நின்றபடியே குடித்தாள். பாதிக்கு மேல் இறங்கவில்லை.

*

மூன்று மணிக்கு சவுரியம்மாள் வந்துவிட்டார். வேலூர் ஆஸ்பத்திரி ஒன்றில் கண் வார்டில் நர்ஸாக இருந்து ரிடையர் ஆனவர். ஷட்டருக்குக் குனிவதற்கு முன்பே குரல் வந்தது.

"பாய், என் அண்ணனுக்கு ஜிப்பா தச்சி முடிஞ்சிதா?"

"வாங்க சிஸ்டரம்மா. ஜிப்பா ரெடி, இடுப்புல மட்டும் ஒரு டைட்டு."

"அண்ணனுக்கும் அதே கதைதான், பிரியாணி சாப்ட்டு சாப்ட்டு." உட்கார்ந்து கிட்டாரை மடியில் வாங்கினார். "அடேயப்பா, புதுப் பொண்ணு மாதிரி இருக்கே. பன்னண்டாந்தேதி பாட்டுக்குக் கெடைச்சிடும்ல?"

"ஆண்டவன் நாடினா பத்தாந்தேதியே. இந்த ஒரு எடம் ஒட்டணும், அப்பறம் சொரண்டி மட்டம் பண்ணணும். இது யாரு பண்ண வேலன்னு கேளுங்க. எங்க வூட்டுக் கம்பெனிக்காரி."

"ஏம்மா அஃப்ஸரு, நீயா?"

"ஆமா சிஸ்டரம்மா," என்றாள் அஃப்ஸர். அவள் கண் கிட்டாரில் இல்லை. சவுரியம்மாளின் கண் எங்கே போகிறது என்பதிலேயே இருந்தது. அது பட்டியோடு போய், இடுப்பில் இறங்கி, சந்தைக் காட்டிக்கொண்டிருந்த விரலில் நின்றது.

"இது இன்னா பாய்?"

"எது? ஓ, இதா? காலையில குழாயில பட்டுட்டுது."

"இவ்ளோ பெரிய கொப்புளம். ஒடஞ்சி தண்ணி வேற வருது. வலிக்கலியா?"

"வேல செய்றவன் கையி. வலிச்சா ஆவுமா?"

"குடுங்க கைய."

"அட, ஒண்ணும் இல்ல சிஸ்டரம்மா—"

"குடுங்கன்றேன். நாப்பது வருசம் ஊசி போட்டவ கேட்டா குடுக்கணும்."

கையை வாங்கிக்கொண்டார். கொப்புளத்தைப் பார்க்கவில்லை. விரலைப் பிரித்து விரித்தார். சுண்டுவிரல் முழுசாக நிமிராமல் கொக்கிபோல் கொஞ்சம் மடங்கியே நின்றது. முழங்கைக்குப் பின்பக்கம் எலும்பு ஓரத்தில் கட்டைவிரலால் எதையோ தேடி அழுத்தினார். சட்டைக் கையை மேலே ஏற்றினார். வெளுப்பைப் பார்த்தார். சட்டைக் கையைத் திரும்ப இறக்கி, பித்தானையும் போட்டுவிட்டார்.

ஒரு கூட்ஸ் வண்டி போயிற்று. அது போய் முடிகிறவரைக்கும் அஃப்ஸர் சவுரியம்மாளின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் கண்ணு வார்டுக்காரி," என்றார் சவுரியம்மாள். "தோலு, நரம்பெல்லாம் எனக்குத் தெரியாது. சுகரா இருக்கலாம். நீங்க அடிச்ச ஸ்ப்ரேயா இருக்கலாம். இன்னொண்ணாவும் இருக்கலாம். எதுவா இருந்தாலும் மருந்து இருக்குது. அந்த இன்னொண்ணுக்கும் மாத்திரைதான், காசுகூட வாங்க மாட்டாங்க. மாத்திரை ஆரம்பிச்சிட்டா யாருக்கும் ஒட்டாது."

"நீங்க எதையோ மனசுல வச்சிகினு—"

"ஆனா ஒண்ணு பாய். லேட் பண்ணா வெரல் மடங்கிப் போவும். மடங்கின பிறகு மருந்து சாப்ட்டா வியாதி போவும், வெரல் திரும்பாது. நாளைக்கு எட்டு மணிக்கு நான் காட்பாடி ஸ்டேஷன்ல நிக்கிறேன். ரெண்டு பேரும் வாங்க. எங்க ஆஸ்பத்திரியில தெரிஞ்ச டாக்டரம்மா இருக்காங்க, நான் கூட்டிகினு போறேன்."

"நாளைக்கி வேல இருக்குதே. உங்க வேலதான்."

"என் அண்ணன் செத்துப் பதினேழு வருசம் ஆவுது. இன்னும் பத்து நாள் காத்துகினு இருப்பான்." எழுந்துகொண்டார். ஷட்டருக்குக் குனியும்போது அஃப்ஸரின் தோளைத் தொட்டார். "எட்டு மணி. மறந்துடாத."

*

சவுரியம்மாள் தெரு திரும்புகிறவரைக்கும் கவுஸ் பாஷா வாசலில் நின்று கை ஆட்டினார். உள்ளே வந்ததும் ஷட்டரை முழுசாக இறக்கினார்.

"நீதான் போன் பண்ணி வரவச்சியா?"

"அல்லா மேல சத்தியமா இல்ல."

"பின்ன கரெக்டா இன்னிக்கி வர்றாங்க, கரெக்டா இந்தக் கைய புடிக்கிறாங்க?"

"அவங்க கிட்டார், அவங்க வந்தாங்க. கண்ணு இருக்குது, பாத்தாங்க. ஏங்க, போய்த்தான் வந்துடுவமே. ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டா சந்தோசமா திரும்பி வந்துடலாம்."

"அந்த ஆஸ்பத்திரி வாசல்ல யாராச்சும் பாத்தா? நம்ம தெரு சர்தார் பாஷா பையன் அங்கதான் கான்டீன் வச்சிருக்கான். ஒரு டீ ஆறதுக்குள்ள ஆம்பூருக்கு சேதி வந்துரும். அப்பறம் எவன் இந்த வூட்டுக்குக் கிட்டார் தூக்கிகினு வருவான்? சானியாவ அவ மாமியார் அனுப்புவாளா பிரசவத்துக்கு?"

"சானியாவ இழுக்காதீங்க."

"நான் இழுக்கல. ஊரு இழுக்கும். உனக்குத் தெரியாதா ஊரு? ஒரு பொம்பள, உன் கம்பெனியில, நீ சொல்லுவியே... அவகூட யாரு ஒக்காந்து சாப்ட்டாங்க? நீ சாப்ட்டியா?"

அஃப்ஸர் தம்ளர் வைத்த ஜன்னல் பக்கம் பார்க்காமல் இருப்பதற்காகத் தரையையே பார்த்தாள்.

"சொல்லு, சாப்ட்டியா?"

"இல்லிங்க."

"அவ்ளோதான். பேச்சு முடிஞ்சிது." ஆனால் முடியவில்லை. அவர் மேசையைச் சுற்றி இரண்டு நடை நடந்தார். கிட்டாரை எடுத்தார், வைத்தார். உட்கார்ந்தார். கோபமெல்லாம் வடிந்து, இந்தத் தடவை உருதுவில் மெதுவாகக் கூப்பிட்டார், இங்கே வா என்று. அவள் எதிரே முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

"நீயும் பயந்துட்ட," என்றார். "மூஞ்சிய பாரு, பேயறஞ்ச மாதிரி. சரி, நாம ஒண்ணு பண்ணலாம். நான் கண்ண மூடிக்கிறேன். நீ ஒரு வெரலால எங்க வேணாலும் தொடு. எங்கன்னு நான் சொல்றேன். ஒண்ணே ஒண்ணு தப்பா சொன்னாலும் நாளைக்கு எட்டு மணிக்குக் காட்பாடி. எல்லாம் சரியா சொல்லிட்டா நீயும் உன் சிஸ்டரம்மாவும் இந்தப் பேச்ச வுட்றணும். ஒத்துக்கிறியா?"

"வேணாங்க."

"ஏன், தோத்துருவேன்னு பயமா?"

சட்டைக் கை இரண்டையும் சுருட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். இரண்டு கையையும் தொடைமேல் மல்லாத்தி வைத்தார். வெளியே எங்கோ இடி உருண்டது. மழை இன்னும் வரவில்லை. மூடிய ஷட்டருக்குள் பகலின் புழுக்கமும் பசை வாடையும் நின்றன. சாயங்கால வெளிச்சம் ஜன்னல் வழியாக அவர் முகத்தில் விழுந்தது. இத்தனை வருஷத்தில் இந்த முகத்தை இவ்வளவு கிட்டத்தில், பகலில், பார்த்துக்கொண்டு உட்கார்ந்ததில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

வலது உள்ளங்கையில் தொட்டாள்.

"வலது. உள்ளங்கையி. இது ஒரு கஷ்டமா?"

வலது சுண்டுவிரல் நுனியில், பட்டும் படாமலும்.

"வலது சுண்டுவெரலு. நகத்துக்குப் பக்கத்துல. எப்டி?"

இடது கட்டைவிரல்.

"எடது. கட்ட வெரலு. உன் வெரல் ஜில்லுனு இருக்குது, ஏன்?"

காது மடலில் தொட்டாள்.

"ஏய்! காது ஆட்டத்துல இல்ல. அழுகுனி ஆட்டம் ஆடாத." சிரித்தார். கண்ணைத் திறக்கவில்லை. சின்னப் பையன்போல் இன்னும் இறுக்கி மூடிக்கொண்டார். "ஆங், அடுத்தது."

அவள் இடது கையின் வெளுப்பில் விரலை வைத்தாள். காத்திருந்தாள். அவர் புருவம்கூட அசையவில்லை. விரலை அழுத்தினாள். கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்கி, மணிக்கட்டின் ஓரமாக வந்து, சுண்டுவிரலில் நின்றாள். அவர் உதட்டில் அந்தச் சிரிப்பு அப்படியே இருந்தது. கொப்புளத்தை விட்டுவிட்டு அந்த விரலின் அடியைத் தன் கை முழுக்கவும் பற்றினாள், கூட்டத்தில் பிள்ளையின் விரலைப் பிடிப்பதுபோல். இறுக்கினாள். நகம் பதிந்தது. அவள் கண்ணிலிருந்து ஒரு சொட்டு அந்த விரலின் மேலேயே விழுந்தது.

"தொடு," என்றார் கவுஸ் பாஷா. "இன்னா இவ்ளோ நேரம்? இன்னும் தொடலியே நீ... தொடு அஃப்ஸரு."